கழிமுகத்து உப்பை அளக்க ஒரு கைக்கருவி: ரிஃப்ராக்டோமீட்டர் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

வெள்ளாறு கடலில் விழும் பரங்கிப்பேட்டை, அதற்குத் தெற்கே கொள்ளிடம் வரை விரிந்து கிடக்கும் பிச்சாவரம், இன்னும் தெற்கே முத்துப்பேட்டைக் காயல். இப்படிப்பட்ட இடங்களில் மீனவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு தண்ணீரைக் கண்காணிக்க இறங்கும் குழுக்கள் முதலில் கேட்கும் கேள்வி: உப்பு அளக்க எதை வாங்குவது? கடையில் மூன்று வகை கிடைக்கும். கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டர், பேனா மாதிரி இருக்கும் ஈ.சி. (மின்கடத்தல்) அல்லது டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்) மீட்டர், மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர். ஊர் மக்களோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு முதலாவதைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் டப்பாவில் வரும் ஒற்றைத்தாள் குறிப்பை மட்டும் நம்பி அதைப் பயன்படுத்தினால் வருஷக்கணக்கான பதிவும் வீணாகும். அதனால் கருவியின் குணத்தோடு குற்றத்தையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இங்கே பேசுவது இறால் பண்ணைக்காரர்கள் 'சலைனிட்டி மீட்டர்' என்று கேட்டு வாங்கும் சாதாரண மாடல். பெரும்பாலும் ஆர்.எச்.எஸ்.-10 ஏ.டி.சி. என்ற பெயரில் வரும். பெயர் மாறினாலும் உடம்பு ஒன்றுதான். 0 முதல் 100 பி.பி.டி. (ஆயிரத்தில் இத்தனை பங்கு உப்பு) வரை ஒரு அளவுகோல், 1.000 முதல் 1.070 வரை ஒப்படர்த்திக்கு (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) இன்னொன்று. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு பி.பி.டி. விலை ஆயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கடைக்குக் கடை மாறும். ஜப்பானிய அடாகோ போன்றவை இதைப் போலப் பல மடங்கு விலை. பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது. சாய்வான கண்ணாடிப் பட்டகத்தில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, மேல் தகட்டை மூடி, வெளிச்சம் பார்க்கத் திருப்பிக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு. தண்ணீரில் கரைந்தது கூடக் கூட ஒளி வளைவதும் கூடும், வெள்ளைப் பகுதி மேலே ஏறும்.

பேட்டரி இல்லை என்பதைவிடப் பெரிய வசதி ஒன்று இதில் உண்டு. உப்பு நிலையானது. கரைந்த ஆக்சிஜனையும் பி.எச்.சையும் எடுத்த இடத்திலேயே பார்க்க வேண்டும், உப்புக்கு அந்த அவசரம் இல்லை. சின்ன பாட்டிலில் வாய்வரை நிரப்பி இறுக மூடிவிட்டால் கரைக்குக் கொண்டுவந்து சாயங்காலம்கூடப் பார்க்கலாம். ஆகவே படகில் ஆடிக்கொண்டு அளக்காதீர்கள். பாட்டில்களைப் படகுத்துறைக்குக் கொண்டுவந்து, நிழலில் பலகை போட்டு, வலை உலர்த்துகிறவர்களையும் கூப்பிட்டு அங்கே அளப்பதுதான் சரி. கருவியை வாங்கிக் கண்ணில் வைத்து 'இருபத்தெட்டு' என்று தானே சொன்ன மீனவர் அந்த எண்ணைப் பற்றிக் கேள்வி கேட்பார், சண்டையும் போடுவார். டிஜிட்டல் திரையில் நீங்கள் காட்டும் எண்ணுக்கு அந்த மரியாதை கிடைக்காது. கண்ணருகே இருக்கும் ரப்பர் வளையத்தை அவரவர் பார்வைக்குத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு எண் மங்கலாகத் தெரிவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

மாதிரி எடுக்கும் பாட்டிலை அதே இடத்துத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். இடம், ஆழம், நேரம் மூன்றையும் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். மூடிகள் மாறும். இது எல்லா ஊரிலும் நடக்கும்.

இனி குற்றப்பட்டியல். முதலாவது, பூஜ்யத்தை மட்டும் சரிபார்ப்பது. டப்பாவோடு ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் சொட்டுக்குழாயும் வரும். வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) விட்டு, ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும் திருகைத் திருப்பி, கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அது தேவைதான், ஆனால் போதாது. மலிவுக் கருவிகளில் பூஜ்யம் சரியாக நின்றாலும் கடல்நீருக்கான எண்ணாகிய 35 தவறாக இருக்கலாம். அளவுகோல் கடல்நீருக்காக அச்சிட்டதா, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காக அச்சிட்டதா என்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. கடல்நீரில் மக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்திருப்பதால் ஒரே அளவு உப்புக்கு ஒளி வளைவது இரண்டிலும் ஒன்றாக இருக்காது. உப்புக்கரைசலுக்கான அளவுகோலில் 35 பி.பி.டி. கடல்நீர் 36.5 என்று காட்டும். கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு அளவுகோல்களையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். 35-க்கு நேரே ஒப்படர்த்தி 1.026-க்கும் 1.027-க்கும் நடுவே விழுந்தால் கடல்நீர் அளவுகோல். 1.025-ல் விழுந்தால் உப்புக்கரைசல் அளவுகோல். கடையிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்து, 35-ஐச் சரிபார்க்க ஒரு திட்டக் கரைசல், அதாவது உப்பளவு சரியாகத் தெரிந்த கரைசல் வேண்டும். விலைக்கும் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு, 963.5 கிராம் வடிநீர். இந்தக் கரைசல் ஒளியை வளைப்பது 35 பி.பி.டி. கடல்நீர் வளைப்பதற்குச் சமம், ஆகவே கடல்நீர் அளவுகோலில் 35 காட்ட வேண்டும். பலர் 'ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு' என்று கலக்கிவிட்டு அதை 35 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மையில் 32-க்குச் சற்று மேலேதான் காட்டும். அந்தக் கரைசலை வைத்துத் திருகைத் திருப்பினால் அதன்பின் எடுக்கும் எல்லா அளவும் இரண்டரை பி.பி.டி. கூடுதலாக வரும். கடைகளில் கிடைக்கும் தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்க வேறு பொடி சேர்த்திருப்பார்கள், ஆய்வகத் தரத்து உப்பு ஒரு பாட்டில் வாங்கிவிடுவது நல்லது. கடற்கரைக் காற்றில் உப்பு ஈரம் இழுக்கும். வெறும் வாணலியில் வறுத்து ஆறவிட்டு நிறுக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும் என்பதால் நூறு கிராம் கரைசல் செய்யாதீர்கள், ஒரு கிலோவாகவே செய்யுங்கள். ஒரு கிலோவில் ஒரு கிராம் பிழை ஒரு பி.பி.டி.க்குள் அடங்கும், நூறு கிராமில் அதே பிழை பத்து பி.பி.டி. ஆகிவிடும். இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் வைத்து, மூடி தளர்ந்தது தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஆவியாகும் கரைசல் மெதுவாக உப்பேறும், அது வெளியில் தெரியாது.

கழிமுகத்தில் பெரும்பாலான அளவுகள் ஐந்துக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் விழுவதால், 35-ல் திருகை நிறுத்திவிட்டுப் பூஜ்யத்தில் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துவைப்பதே எங்கள் விருப்பம். ஒன்றுக்கு மேல் விலகினால் அந்தக் கருவியை மாற்றிக் கேளுங்கள். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். கோடு நகராமல் திருகு மட்டும் சுற்றினால் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது என்று அர்த்தம், பழுதுபார்ப்பது வீண்செலவு.

இரண்டாவது குற்றம் வெப்பம். ஏ.டி.சி. என்றால் வெப்பநிலைக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் அமைப்பு. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கும், சூட்டில் அது வளைந்து கோட்டைத் தள்ளும். ஆனால் அந்தத் திருத்தம் 10-லிருந்து 30 டிகிரி வரைக்கும்தான். நம் கரையோரச் சித்திரை வெயிலில் படகின் பலகையில் கிடந்த உலோகக் கருவி நாற்பதைத் தாண்டும். இங்கே பலரும் தடுமாறுவது தண்ணீரின் வெப்பத்தைக் கவனிப்பதில். மூன்று சொட்டுத் தண்ணீர் சில நொடியில் பட்டகத்தின் சூட்டுக்கு வந்துவிடும், ஆகவே கருவியின் சூடுதான் கணக்கு. முப்பதுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அளவு அரை பி.பி.டி.க்கும் அதிகமாகக் குறையும். மதிய வெயிலில் கடல்நீர் 28 என்று காட்டினால் ஆற்றில் நன்னீர் வந்துவிட்டது என்று குறித்துவிடாதீர்கள். கருவியை அரைமணி நேரம் நிழலில், ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சொட்டு விட்டு மூடியபின் முப்பது நொடி காத்திருந்து படியுங்கள். சந்தேகம் வந்தால் வடிநீர் விடுங்கள். கோடு பூஜ்யத்துக்குக் கீழே மறைந்துவிட்டால் அன்றைக்குக் கருவி சூடேறியிருக்கிறது.

மூன்றாவது குற்றம், உப்பு மிகக் குறைந்த அளவில் இது குருடு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாற்றில் வெள்ளம் இறங்கும்போது மேல்தண்ணீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். ஒரு பி.பி.டி. கோடு உள்ள கருவியில் இரண்டா மூன்றா என்று கண் தீர்மானிக்க முடியாது. அங்கேதான் ஈ.சி. பேனா மீட்டர் உதவும். சாதாரணப் பேனாக்கள் 9,990 மைக்ரோ சீமென்ஸ் (மின்கடத்தலின் அலகு) வரை காட்டும், அது ஏறக்குறைய ஐந்தரை பி.பி.டி.க்குச் சமம். அதற்குமேல் அந்தப் பேனா வேலைக்கு ஆகாது. ரிஃப்ராக்டோமீட்டரை நம்பத் தொடங்கும் இடமும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் நல்ல டிஜிட்டல் கருவி ஒன்றின் விலைக்கு வராது. பேனாவில் 'பி.பி.எம்.' (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று வரும் எண்ணை உப்பாக எழுதிவிடாதீர்கள். மின்கடத்தலை 0.5-ஆல் பெருக்கி ஒரு கம்பெனி காட்டும், 0.7-ஆல் பெருக்கி இன்னொன்று காட்டும். மைக்ரோ சீமென்ஸ் எண்ணையே குறித்துவையுங்கள். உப்பு கூடிய தண்ணீரை வடிநீர் கலந்து நீர்க்கச்செய்து பேனாவில் பார்க்கலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. மின்கடத்தல் அந்த விகிதத்தில் குறையாது, வேண்டாம்.

ஹைட்ரோமீட்டரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஊசி ஆடும் வகையில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினால் போதும், அளவு போய்விடும். வகுப்பறையில் மிதப்பு விதியைக் காட்ட வைத்துக்கொள்ளலாம்.

கலங்கல் தண்ணீர் நான்காவது தொல்லை. வண்டலும் மக்கிய இலைச்சாறும் உப்பு அளவை மாற்றாது, நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் கலைக்கும். பாட்டிலைக் கால்மணி நேரம் அசைக்காமல் வைத்து மேல்தெளிவில் சொட்டு எடுங்கள், அல்லது வடிகட்டும் தாளில் ஊற்றி எடுங்கள். மணல் துகள் ஒன்று பட்டகத்தில் கிடக்கத் தகட்டை அழுத்தி மூடினால் கண்ணாடியில் கீறல் விழும், கீறல் விழுந்த கருவியில் கோடு ஒருபோதும் கூர்மையாக வராது. துடைக்கும்போது முதலில் வடிநீரை ஓடவிட்டுப் பிறகு மென்தாளால் ஒற்றுங்கள். சட்டை நுனியால் உலரத் தேய்ப்பதுதான் இந்தக் கருவிகளைக் கொல்கிறது. குழாயடியில் முழுக்கக் காட்டிக் கழுவவும் கூடாது. மலிவு மாடல்களில் கண்முனை ரப்பர் வழியாக உள்ளே தண்ணீர் புகும், பிறகு அளவுகோல் மூடுபனிக்குள் போய்விடும்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீங்கள் ஊற்றும் மூன்று சொட்டைத்தான் அது அளக்கும். கழிமுகத்தில் உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து மேலேறும். மழைக்காலத்தில் மேலே இரண்டும் அடியில் இருபதும் ஒரே இடத்தில் இருக்கலாம். வாளியில் மேல்தண்ணீரை மொண்டு 'ஆறு நன்னீர்' என்று எழுதினால் அடியில் நடமாடும் நண்டுக்கும் இறாலுக்கும் அந்த எண்ணில் ஒரு பொருளும் இல்லை. அடித்தண்ணீர் எடுக்க விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை அரை கிலோவுக்குக் குறையாமல் கட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றடைத்த பாட்டில் மூழ்காது. கழுத்தில் ஒரு கயிறு, கார்க்கில் தனியாக இன்னொரு கயிறு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கிக் கார்க் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் திறக்கும். குமிழி வருவது நின்றதும் தூக்கலாம். உள்ளே இருப்பது கனமான தண்ணீர், வாயோ குறுகலானது, ஆகவே மேலே வரும் வழியில் கலப்பது சொற்பம். கழுத்துப் பகுதியில் இருப்பதைக் கொட்டிவிட்டு மிச்சத்தை மாதிரிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. 'ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு' என்று திட்டம் போடும் குழுக்கள் அதிகம். கடலின் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கும், அதாவது போன ஞாயிறு பத்து மணிக்கு ஏற்றம் என்றால் இந்த ஞாயிறு அதே மணிக்கு வற்றம். வரைபடம் வாரந்தோறும் ஏறி இறங்கி ரம்பப் பல்லாகத் தெரியும், அதைப் பார்த்து யாராவது ஒரு ஆலைக் கழிவைக் காரணம் சொல்லத் தொடங்குவார்கள். ஒன்று, ஒரே நாளில் ஏற்றத்திலும் வற்றத்திலும் இரண்டு முறை எடுக்க வேண்டும். இல்லை, பதினான்கு நாளுக்கு ஒருமுறை அதே மணிக்கு எடுக்க வேண்டும், அப்போது ஏற்றவற்றம் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடும். எப்படி எடுத்தாலும் தாளில் 'தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா' என்ற கட்டம் கட்டாயம் வேண்டும். இதை மீனவரைக் கேட்டு எழுதுங்கள். முகத்துவாரத்துக்கான ஏற்றவற்ற அட்டவணை நேரத்துக்கும் உள்வாய்க்காலில் தண்ணீர் திரும்பும் நேரத்துக்கும் இடைவெளி உண்டு, அதை அவர் சரியாகச் சொல்வார். முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருக்கிறதா என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

இந்தக் கருவி உண்மையாகவே தன் விலைக்கு மேல் உழைக்கும் இடம் அலையாத்தி மண். பிச்சாவரத்தில் காட்டின் பல பகுதிகள் அழிந்ததன் கதை உப்பின் கதை. பழைய முறையில் மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டி எடுத்த இடங்களில் வெயில் நேரே பட்டு மண் காய்ந்து அமுங்கியது, நடு குழிந்தது. ஏற்றத்தில் புகுந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பு ஏறிய மண்ணில் உப்பைத் தாங்கும் உமிரிச் செடி மட்டும் மிஞ்சியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் எலும்பு வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்றத்தை உள்ளே ஓடவிட்ட பிறகே அங்கே வெண்கண்டல், சுரபுன்னை ஆகிய அலையாத்தி மரங்கள் பிடித்தன. அப்படி ஓர் இடத்தில் வாய்க்கால் வேலை செய்கிறதா, தூர்ந்துவிட்டதா என்பதை வாய்க்கால் தண்ணீரை அளந்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. வேர் நிற்கும் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரை அளக்க வேண்டும். அங்கே கிடைப்பதே சில சொட்டு. பேனா மீட்டரின் முனையை நனைக்கக்கூட அது போதாது, ரிஃப்ராக்டோமீட்டருக்கு அது தாராளம்.

செய்முறை இதுதான். பத்திலிருந்து இருபது சென்டிமீட்டர் ஆழத்து மண்ணைக் கரண்டியால் எடுங்கள், மேல்மண் வேண்டாம், அதில் காய்ந்த உப்புப் படலம் இருக்கும். ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சின் அடியில் வடிதாளை வட்டமாக வெட்டிப் போட்டு, மண்ணை அடைத்து அழுத்துங்கள். முதல் சொட்டைத் தள்ளிவிட்டு அடுத்த மூன்றைப் பட்டகத்தில் விடுங்கள். களிமண் அழுத்தத்துக்கு இணங்காவிட்டால் காடாத்துணியில் முடிந்து முறுக்கிப் பிழியுங்கள். அளவுகோல் 100 வரை போவது இங்கேதான் பயன்படும், தேங்கிய இடத்து மண்ணில் கடல்நீரைவிட வெகு அதிக உப்பு இருக்கும். வாய்க்காலோரம் ஒரு மாதிரி, அங்கிருந்து ஐந்து மீட்டர், பத்து மீட்டர் உள்ளே ஒவ்வொன்று என்று எடுத்தால், தண்ணீர் எதுவரை மண்ணைக் கழுவுகிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். தூர் எடுக்க வேண்டிய வாய்க்கால் எது என்று ஊர்க் கூட்டத்தில் பேசும்போது இந்த மூன்று எண்களுக்கு நல்ல பலம் உண்டு. காப்புக்காட்டுக்குள் மண் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஊருக்குத் திருப்பிச் சொல்வதில் ஓர் எச்சரிக்கை. மழைத்தண்ணீர் இறங்கினால் இறால் கடலுக்கு இறங்கும் என்பது பறி என்னும் கூடையைப் பல்லில் கவ்விக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்குத் தெரியாத சங்கதியல்ல. அதை எண்ணாக்கி அவர்களிடமே பாடமாகச் சொன்னால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள். அவர்களுக்குப் பயன்படும் செய்தி வேறு. இந்த ஏற்றத்தில் உப்பு எந்த வாய்க்கால் வரை ஏறியது, போன வருஷம் இதே மாதத்தில் எதுவரை ஏறியது. துறைச்சுவரில் வாய்க்கால் பெயர்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் மேல்தண்ணீர், அடித்தண்ணீர் என்று இரண்டு எண். அவ்வளவு போதும். பி.பி.டி. என்று மட்டும் எழுதாமல் கடல்நீருக்கான எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

வாங்கும்போது: வடிநீரும் 35 திட்டக் கரைசலும் தலா ஒரு சின்ன பாட்டில் கையோடு எடுத்துப் போங்கள். இணையத்தில் வாங்கினால் வந்த அன்றே இரண்டையும் பார்த்து, ஒன்றுக்கு மேல் பிசகினால் திருப்பியனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். மூடித்தகடு பட்டகத்தில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும், கீல் தள்ளாடக் கூடாது. இரண்டு மலிவுக் கருவிகள் வாங்கி ஒன்றைத் துறையில் பயன்படுத்தி, மற்றதைப் பெட்டியில் வைத்து மாதம் ஒருமுறை ஒப்பிடுவது, ஒரே விலையுயர்ந்த கருவியைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பதைவிட மேல். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் ஒன்று, திருகை மூடும் அந்தக் குட்டி ரப்பருக்கு மாற்றாகச் சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு ஒன்று போட்டுவையுங்கள். முதலில் தொலைவது அந்த ரப்பர்தான், அது இல்லாத திருகு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும்.